கொக்குத் திட்டுக்கு ஒரு கலர்

பழவேற்காட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் 1988 ஆடி மாதம் லாரியில் வந்தது. இறக்கியவர்கள் நான்கு பேர். தானும் கை கொடுத்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எல்லாம் எண்ணினால், அந்தப் பெட்டி ஒரு கப்பல் எடை இருந்திருக்க வேண்டும்.

வந்த இடம் 'ஏரி எல்லை வரைபடத் திட்டம்' என்ற ஆபீஸ். அப்துல் ஹை பாயின் பழைய வீட்டு முன்கட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நான் அங்கே டைப்பிஸ்ட்; ஊர்வாயில் நானும் ஒரு பாய்தான். கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி, மனிதர்களுக்கு விசிறிமட்டை. அறைக் கதவின் அடிச் சந்தில் கால் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டுதான் நான் டைப் அடிப்பேன். உடம்பில் ஒரே ஒரு விரலை மட்டும் ஊட்டியில் வளர்த்தவன் அந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

கதவில் ஒரு பலகை தொங்கியது. 'செருப்பு கூடாது. ஈர உடை கூடாது. மீன், கருவாடு கொண்டுவரக் கூடாது.' இந்த ஊரை ஆண்ட டச்சுக்காரன்கூடக் கருவாட்டின் மேல் கை வைத்ததில்லை.

பலகையை எழுதச் சொன்னவர் திட்ட அதிகாரி கங்காதரன். குப்பத்தில் பிறந்து, மெட்ராஸில் படித்து, திரும்பி வந்ததும் மீன் வாசனையில் தலைவலி வருகிறது என்று கண்டுபிடித்தவர். அவருக்குக் கீழே ஆபரேட்டர் மூர்த்தி. மூன்று மாதக் கோர்ஸ் முடித்தவன். அந்த மூன்று மாதத்தில் அவன் கற்றது இரண்டு: ஸ்விட்சைப் போடுவது, பெருமூச்சு விடுவது. மெஷின் நின்றுபோனால் பெருமூச்சு. ஓடினால் அதைவிட நீளமான பெருமூச்சு. வரைபட ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தது, கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் தானியேல். அதை ஓட்டுவது மட்டும்தான் மூர்த்தியின் வேலை. ஆனால் ஊரில் அவன் நடந்தால், கம்ப்யூட்டரையே கருப்பையில் சுமந்து பெற்றவன் போல நடப்பான்.

திட்டத்தின் வேலை ஒன்றுதான். ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குப்பத்தார் வலை கட்டலாம் என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அது காகிதத்தில் இல்லை, வாயில்தான் இருந்தது. வாயில் இருந்ததால் வருஷத்துக்கு இரண்டு மண்டை உடைந்தது. அதை வரைபடமாகத் திரையில் போட்டு, விசாரணை அதிகாரி வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே எல்லை. திட்டத்தின் சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: வரைபடத்தில் தனி நிறம் காட்டப்படாத தண்ணீர், பக்கத்துக் குப்பத்தின் எல்லைக்குள் சேர்க்கப்படும். அந்தச் சுற்றறிக்கையை ஐந்து நகல் அடித்தவன் நான். அடிக்கும்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டைப்பிஸ்டுக்கு அர்த்தம் புரிந்தால் பிழை வரும்.

அர்த்தம் புரிந்தது எல்லம்மாவுக்கு.

எல்லம்மாவும் அவள் கூட்டத்தார் பதினைந்து குடும்பமும் வலையில்லாமல், படகில்லாமல், கையால் இறால் பிடிப்பவர்கள். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பின்னால் மிதக்கும் பறிக்குள் போடுவார்கள். பறி என்பது பனையோலைக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அதனால் வேலை நேரத்தில் எல்லம்மாவால் பேச முடியாது. கரையேறியதும் அந்தப் பாக்கி முழுவதையும் வசூல் செய்துவிடுவாள்.

அவர்கள் இறங்கும் இடம் கொக்குத் திட்டு. ஏரியின் நடுவே மேடு தட்டிக் கிடக்கும் ஆழமில்லாத சேறு. வடக்குக் குப்பத்துப் பாடு ஒருபக்கம், தெற்குக் குப்பத்துப் பாடு ஒருபக்கம். அளவெடுக்கப் போன எங்கள் ஆட்கள் அதையும் அளந்து, ஐந்தாம் நம்பர் போட்டு, கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள்.

ஒருநாள் எல்லம்மா நேராகத் தண்ணீரிலிருந்து வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

"பாய், எங்க எடம் எங்க கீதுனு பொட்டியாண்ட கேளு."

நான் கதவைத் திறந்து விட்டேன். மூர்த்தி திரையைத் திருப்பினான். நிலம் வெள்ளை. தண்ணீர் கறுப்பு. வடக்குக் குப்பம் பச்சை, இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. தெற்குக் குப்பம் சிவப்பு, அதுவும் அப்படியே. வெள்ளை நிலத்தின் நடுவே கறுப்பு எழுத்தில், ஏரியைவிடப் பெரிதாக, 'திட்ட அலுவலகம்'.

"கொக்குத் திட்டு?"

"உள்ள இருக்கும்மா. மெஷினுக்குத் தெரியும்."

"அதுக்குத் தெரிஞ்சி இன்னா? எனக்குத் தெரிய மாட்டேங்குதே. கறுப்பா கீது."

"கலர் பத்தல. நாலு கலர்தான் வரும்."

"நாலு கலருக்கா இத்தினி ஐஸ் வெச்சிக் காப்பாத்தறீங்கோ? பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல நான் அஞ்சு கலரு அடிப்பேன்."

மூர்த்தி பெருமூச்சு விட்டான். அது ஓடாத வகைப் பெருமூச்சு.

எல்லம்மா சிரித்துவிட்டாளே தவிர விட்டுவிடவில்லை. நான் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். தனி நிறம் இல்லாவிட்டால் திட்டு யாருக்கோ போகும். பதினைந்து குடும்பமும் எங்கே கை வைக்கும் என்று அதில் எழுதவில்லை. கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பறி இல்லாமலே அவள் வாய் மூடியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எத்தினி நாளு கீது?"

"விசாரணைக்கா? முப்பது நாள்."

"ஆவட்டும். தெனம் வரேன்."

வந்தாள். ஒருநாள் தவறாமல், சேலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "கலரு வந்துச்சா நைனா?" என்று மூர்த்தியைக் கேட்டாள். ஏழாம் நாளிலிருந்து அவள் குரல் தெருவில் கேட்டதுமே மூர்த்தி கொல்லைப்புறம் போய்விடுவான். ஒருதரம் அங்கே அப்துல் ஹை பாயின் ஆட்டுக் கொட்டகையில் மணிக்கணக்காக நின்றான். ஆடுகள் அவனைத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டதாகக் கேள்வி.

தொல்லை தாங்காமல் கங்காதரன் ஒரு கூட்டம் போட்டார். அவர், மூர்த்தி, குறிப்பெடுக்க நான்.

"ஏன்யா கலர் பத்தல?"

"மெமரி பத்தல சார். முழு ஏரியையும் ஏத்தினா 'மெமரி போதவில்லை'னு திரையிலயே வருது. பாதி பாதியாத்தான் காட்டுறேன். அதே நோய்தான் இதுவும்."

திரையில் அப்படி வந்தது வாஸ்தவம். மெஷினில் இருந்தது 256 கே. ஏரி அதைவிடப் பெரிது. ஆனால் ஏரியை ஏற்ற இடம் இல்லை என்பதும், நிறத்தைக் காட்ட இடம் இல்லை என்பதும் ஒரே நோய் என்று எந்த வைத்தியன் சொன்னான்? தலைவலிக்கும் செருப்புக் கடிக்கும் ஒரே மாத்திரை.

"எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்?"

"640 வரைக்கும் சார். தாய்ப்பலகையில எடம் காலியா இருக்கு."

"கலர் எங்க இருக்கு?"

"அது தனிக் கார்டு சார். பக்கத்துல செருகியிருக்கு. அதுலயும் கொஞ்சம் மெமரி இருக்குதாம், அறுபத்து நாலு கே. மெயின்ல ஏத்தினா அதுக்குப் போய்ச் சேருமானு..." என்று இழுத்தான். அந்த ஜன்மத்தில் அவன் கேட்ட ஒரே நல்ல சந்தேகம் அதுதான். கங்காதரன் அதை முளையிலேயே மிதித்தார்.

"யோவ், நீ மெட்ராஸ்காரன். உனக்கு ஏரி தெரியாது. முகத்துவாரம் மண் அடைச்சிக்குது. வெட்டி விடுறோம். கடல் தண்ணி எங்க நுழையுது? ஒரே எடத்துல. ஏறுறது எங்க? ஏரி முழுக்க! அடையாறு வரைக்கும் ஏறும் போ. மெமரியும் அதான். எங்க ஊத்தினா இன்னா? எல்லா எடத்துலயும் மட்டம் ஏறும்."

மூர்த்தி வாய் பிளந்து கேட்டான். நானும் கேட்டேன். ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு மட்டுமே அப்படி ஒரு முட்டாள்தனம் இத்தனை அழகாக வரும். அடையாறு மட்டும் அவர் சொந்தச் சரக்கு.

அந்த வருஷத்துக்குத் திட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு கொள்முதல் அனுமதி. அதை மெயின் மெமரிக்கே எழுதச் சொன்னார். நான் டைப் அடித்தேன். தலைமை அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதமும் போனது: 'நினைவக விரிவாக்கத்தின் மூலம் ஐந்தாவது நிறம் பெறப்படும்.' பெறப்படும்! குழந்தை வரம் மாதிரி.

விசாரணைக்குப் பத்து நாள் முன்னால் சிப்புகள் வந்தன. கறுப்பாக, சப்பையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கால். நண்டுக்கே பத்துக் கால்தான். செருகும்போது கால் மடங்கக் கூடாது. மூர்த்தி முதல் நாள் மூன்றின் கால்களை முறித்தான். இரண்டாம் நாள் கை நடுங்காமல் இருக்க அப்துல் ஹை பாய் வீட்டிலிருந்து நன்னாரி சர்பத் வரவழைத்துக் குடித்துவிட்டு மேலும் ஒன்றை முறித்தான். தவறினால் உதவட்டும் என்று கம்பெனி கூடுதலாக அனுப்பியிருந்தது. தானியேலுக்கு மூர்த்தியின் விரல்களைத் தெரியும்.

கடைசியில் எல்லாம் உட்கார்ந்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஏசியில் கற்பூரம் அணைந்து, மறுபடி காட்டி, ஸ்விட்சைப் போட்டார்கள். திரையின் மூலையில் எண்கள் ஏறின. 256-ஐத் தாண்டியதும் கங்காதரன் நாற்காலியை விட்டு எழுந்தார். 512-ல் கண் கலங்கியது. 640-ல் நின்றதும் கை தட்டினார். பிள்ளை பரீட்சையில் தேறியபோதுகூட அவர் அப்படித் தட்டியிருக்க மாட்டார். தேறவில்லை என்பது வேறு விஷயம்.

"மேப்பைப் போடு!"

மூர்த்தி போட்டான். உண்மையைச் சொல்ல வேண்டும்: முழு ஏரியும் ஒரே தடவையில் வந்தது. பாதி பாதி இல்லை, 'மெமரி போதவில்லை' இல்லை. பழவேற்காடு முதல் ஆந்திரா வரை, தீவு, கால்வாய், முகத்துவாரம் எல்லாம். ஆனால் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு. கொக்குத் திட்டு இருந்த இடத்தில் நல்ல, தரமான, முழு அளவுக் கறுப்பு.

வாசலில் எல்லம்மா நின்றிருந்தாள்.

"இன்னா சார், கற்பூரம் காட்டினீங்கோ. சாமி வரலியா?"

மூர்த்தி காரணங்களை அடுக்கினான். உப்புக்காற்று. வோல்டேஜ். சிப்பு பழக நாளாகும். எல்லம்மாவின் ஈரச் சேலை. அப்துல் ஹை பாய் வீட்டில் அன்று மீன் வறுத்தது. "என் வீட்டுக் கொடுவாய்க்கும் உன் கலருக்கும் இன்னாடா சம்பந்தம்? கூப்புடு, வஞ்சரத்தையும் சாட்சிக்கு வெச்சிக்கலாம்" என்று பாய் உள்ளேயிருந்து கத்தினார்.

வேறு வழியில்லாமல் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். தானியேல் வந்து சேர்ந்தது விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம். பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தான். கங்காதரன் அப்போதுதான் சாப்பிடப் போயிருந்தார். அவர் சாப்பாடு என்பது சாப்பாடு, வெற்றிலை, தூக்கம் மூன்றும் சேர்ந்தது.

தானியேல் மூடியைக் கழற்றிப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த புதுச் சிப்புகளைப் பார்த்தான். மூர்த்தியைப் பார்த்தான்.

"இது யாரு ஐடியா?"

மூர்த்தி என்னைப் பார்த்தான். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

"மூர்த்தி, இங்க பாரு. இந்தக் கார்டு தனியா நிக்குது இல்ல? திரையில ரெண்டு லட்சத்துக்கு மேல புள்ளி கீது. ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னா கலருனு இந்தக் கார்டுதான் ஞாபகம் வெச்சிக்கணும். வேற எவனும் வெச்சிக்க மாட்டான். இதுல கீறது அறுபத்து நாலு கே. அதுல புள்ளிக்கு நாலு கலரு வரைக்கும்தான் அடங்கும். அதுக்கு மேல எழுத எடம் இல்ல."

"இந்தப் பக்கம் 640 போட்டிருக்கோமே?"

"போட்டிருக்கே. முழு ஏரியும் அதுல ஏறிச்சி, கணக்கு வேகமா வரும், சந்தோஷம். கொக்குத் திட்டும் அதுல கீது, அஞ்சாம் நம்பரு. ஆனா திரைக்குப் போறது கார்டு வழியாத்தான். நீ அங்க ஆறாயிரம் போட்டாலும் இங்க அறுபத்து நாலுதான்."

"அங்கேர்ந்து நாலு சிப்பைப் புடுங்கி..."

"எங்க வைப்பே? கார்டுல குழியே இல்ல. அதுக்குனு முதுகுல ஏத்தற தனிப் பலகை கீது. சிங்கப்பூர்லேர்ந்து வரணும். மூணு மாசம்."

விசாரணைக்கு இருந்தது அரைப் பகல், ஒரு ராத்திரி. மூர்த்தி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அத்தனையையும் வாசலில் நின்று கேட்ட எல்லம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"தம்பி, நீ சொல்றது எனக்கு வெளங்குது. பல்லுல கடிச்சிகினு போற பறி இத்தினூண்டு. வூட்ல அண்டா பெருசா வாங்கி வெச்சா, பறியில எறா ஜாஸ்தியா பூந்துக்குமா? இவங்கோ அண்டா வாங்கிகினு கீறாங்கோ."

தானியேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, ரெண்டு வருஷம் காலேஜ்ல இதைச் சொல்லிக் குடுத்தாங்க. நீ சொன்ன மாதிரி ஒருத்தனும் சொல்லல."

"அதெல்லாம் இருக்கட்டும். நாலு கலருனா நாலு கலரு. அந்த வெள்ள எதுக்கு?"

"அது தரை."

"தரைக்கு எதுக்கு கலரு? தரையில எவன் மீன் புடிக்கிறான்?"

தானியேல் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு நைனா. தரைக்குச் சண்ட போட்டுகினா இங்க வர்றோம்? சண்ட தண்ணிக்கு. தரைய கறுப்பு பண்ணு, கரைக்கு மட்டும் ஒரு கோடு இழு. தரையில குந்திகினு கீறவனுக்கு அது தரைனு தெரியாதா? அந்த வெள்ளய என் திட்டுக்குக் குடு."

முப்பது நாள், ஒரு கொள்முதல் அனுமதி, பதினாறு கால் பூச்சிகள், இரண்டு முறை கற்பூரம். எங்களில் ஒருவனுக்கும், என்னையும் சேர்த்துத்தான், இது தோன்றவில்லை. தோன்றினாலும் சொல்லியிருக்க மாட்டோம்; அந்த வெள்ளை நிலத்தில்தானே எங்கள் ஆபீஸ் பெயர் இருந்தது.

தானியேல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். ப்ரோக்ராமில் எங்கோ போய் இரண்டு வரி மாற்றினான். கால்மணி நேரம்கூட இல்லை. திரையில் நிலம் முழுவதும் அணைந்தது. கரை மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடியது. நடு ஏரியில், பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே, கொக்குத் திட்டு பளீரென்று வெள்ளையாக எழுந்தது.

எல்லம்மா பலகையில் எழுதியிருந்ததை மறந்து உள்ளே வந்துவிட்டாள். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மூக்கு மாதிரி நீட்டிகினு கீதே, அது உளுவ மூல, உளுவ மீனு கெடக்கற எடம். சரியாத்தான் அளந்திருக்காங்கோ, பாவிங்கோ."

நான்கு மணி பஸ்ஸுக்குத் தானியேல் ஓடிவிட்டான். நாலேகாலுக்குக் கங்காதரன் வெற்றிலை வாயோடு வந்தார்.

"இன்னாய்யா இது? தரை எங்க? என் ஆபீஸ் எங்க?"

கறுப்பு நிலத்தில் கறுப்பு எழுத்து. ஆபீஸ் அங்கேதான் இருந்தது, ஏட்டளவில். திட்டத்தின் மொத்த வரலாற்றிலும் அதன் உண்மையான பயனை அத்தனை துல்லியமாகக் காட்டிய படம் வேறு இல்லை.

"மாத்து! பழையபடி மாத்து!"

இங்கேதான் மூர்த்தியின் மூன்று மாதக் கோர்ஸ் சந்தி சிரித்தது. அவனுக்கு மாற்றத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. எதையோ தட்டினான், வடக்குக் குப்பம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வியர்த்துக் கொட்ட மறுபடி தட்டினான். படமே தலைகீழாக நின்றது, ஆந்திரா கீழே. ஏசி அறையில் வியர்த்த முதல் மனிதன் அவன்தான். நான் போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். டிஸ்க்கில் தானியேல் பதித்துவைத்திருந்த படம் திரும்பி வந்தது. கறுப்பு நிலம், வெள்ளைத் திட்டு.

மூர்த்தி நெற்றியைத் துடைத்தான். பிறகு, அவன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பொய்யைச் சொன்னான்.

"சார், இது... மெமரி ஏத்தினதோட எஃபெக்ட் சார். பழகிக்க நாளாகும்னு சொன்னேன் இல்ல? அஞ்சாவது கலர் வந்துடுச்சி."

கங்காதரன் மூர்த்தியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணியிருந்தால் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என்று நாலில் நின்றிருக்கும். அவர் எண்ணவில்லை. எண்ணினால் தலைமை அலுவலகத்துக்குப் போன கடிதம் பொய்யாகும். ஏரி முழுக்க மட்டம் ஏறும் என்று சொன்ன வாயும் பொய்யாகும்.

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்றார்.

மறுநாள் காலை விசாரணை அதிகாரி வந்தார். அந்த மனிதரின் உயரத்தை எப்படிச் சொல்வது! அப்துல் ஹை பாய் வீட்டு வாசலில் இதுவரை எந்த ஒட்டகமும் நுழைந்ததில்லை. நுழைந்திருந்தால் அவரைவிடக் குறைவாகத்தான் குனிந்திருக்கும். எங்கள் பிரிண்டருக்குக் கறுப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதால் திரையிலேயே பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். திரையைப் படமெடுத்துக் கோப்பில் சேர்க்க, பொன்னேரி ஸ்டுடியோக்காரர் ஒருவர் கலர் பிலிமோடு கூட வந்தார். இரண்டு குப்பத்து நாட்டாண்மைகளும் செருப்பை வெளியே விட்டு உள்ளே நின்றார்கள். எல்லம்மா வாசற்படியில்.

கங்காதரன் கோலால் திரையைத் தொட்டுப் பேசினார். நினைவக விரிவாக்கம், விஞ்ஞானம், கடல், முகத்துவாரம், இருபத்தோராம் நூற்றாண்டு. பேச்சு நீண்டதில் ஸ்டுடியோக்காரர் நின்றுகொண்டே தூங்கினார். வடக்கு, தெற்கு இரண்டையும் அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டார். பிறகு விரலை நீட்டினார்.

"இந்த வெள்ளை யாருது?"

"அது சும்மா கெடக்கற தண்ணி சார்" என்றார் தெற்கு நாட்டாண்மை சட்டென்று.

"ஆமா, அதுல வல கட்ட முடியாது, சும்மாத்தான் கெடக்குது" என்று வடக்கும் சேர்ந்துகொண்டது. இருபது வருஷமாக அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"சும்மா கெடக்குதா?" வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "ராத்திரி வூட்டுக்கு வாங்கிகினு போறியே எறா, நாட்டாமக்காரு, அது எந்தச் சும்மாவுல மொளச்சிது? வல கட்ட முடியலனா சும்மாவா? எங்க பதினஞ்சு வூட்டுக் கையும் அதுல கீது."

அதிகாரி கங்காதரனைக் கேட்டார். "இந்த வெள்ளையை உங்க ஆபீஸ்தானே அளந்தது?"

"ஆ... ஆமா சார்."

"உங்க திட்டம்தான் தனி நிறம் குடுத்திருக்கு?"

இப்போது கங்காதரன் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐந்தாவது நிறம் எங்கே என்ற கேள்வி வரும். அவர் முகம் ஒரு கணம் மூடிக்கொண்ட முகத்துவாரம் போல இருந்தது. பிறகு திறந்தது.

"ஆமா சார். அதுக்காகத்தான் மெமரியே ஏத்தினோம்."

"அப்ப சரி. தனி நிறம் இருக்கு, தனி எல்லை." அதிகாரி என்னைப் பார்த்தார். "டைப் பண்ணுங்க. வெள்ளை: கொக்குத் திட்டு. கையால் இறால் பிடிக்கும் பதினைந்து குடும்பங்கள்."

நான் அடித்தேன். அந்த ஒரு வரியில் மட்டும் எனக்கு அர்த்தம் புரிந்தது. இரண்டு பிழையும் வந்தது.

"எல்லை அடையாளம் ஒண்ணு வார்த்தையிலயும் வேணும்" என்றார் அதிகாரி. "எது வரைக்கும்மா உங்க எடம்?"

"முட்டியளவு தண்ணி நிக்கிற வரைக்கும் சார். அதுக்கு மேல ஆழம் போனா எங்களால குந்த முடியாது."

"முழங்கால் அளவு" என்று அதிகாரி சொல்ல, நான் தட்டத் தொடங்கினேன்.

"இரு பாய், இரு." எல்லம்மா கையைத் தூக்கினாள். "யாரு முட்டினு எழுதுவே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒன்றே கால் ஆள் உயரம் இருந்த அதிகாரியை, பாதத்திலிருந்து முழங்கால் வரை, மெதுவாக, மீனை எடைபோடுகிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குள்ளச்சி சார். என் முட்டினா இந்தாண்டயே நின்னுடும். நாளைக்கு இவங்கோ எவனாவது சப்பாணியக் கூட்டியாந்து, இதான் முட்டினுவாங்கோ. முடிவு சொல்றது நீதான், கையெழுத்துப் போடறது நீதான். உன் முட்டியவே போட்டுக்கோ சார்."

"அநியாயம்! அவரு முட்டி பனமரத்துல கீது!" என்று தெற்கு நாட்டாண்மை அலறினார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீண்ட ஆட்களுக்குச் சிரிப்பு மேலே ஏறிவர நேரமாகும், வந்ததும் நிற்காது. சிரித்து முடித்து, "எழுதுங்க. விசாரணை அதிகாரியின் முழங்கால் அளவு. நேர்ல குறி வெச்சிடலாம்" என்றார்.

பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அன்று மத்தியானம் அரசாங்கத்தின் பேண்ட் தொடை வரைக்கும் சுருட்டப்பட்டு ஏரிக்குள் இறங்கியதை ஊரே பார்த்தது. பின்னாலே படகில், அவருடைய கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி கங்காதரன். நாலு மூங்கில் கழியைத் தோளில் சுமந்து மூர்த்தி. முன்னால் எல்லம்மா.

திட்டின் மேட்டிலிருந்து ஆழத்தைப் பார்த்து அதிகாரி நடந்து போய் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க முட்டி நனையுதும்மா. குறி வைக்கலாமா?"

அவள் குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அது அல சார், தண்ணி இல்ல. இன்னும் வா. இன்னும் நாலடி வா."

மூர்த்தி கழியோடு பின்னால் போனான்.